மூன்றாம் வகுப்பின் எதிர்ச்சுற்று

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மிஸ் காதப் பாருடா" என்று ஒருவன் கிசுகிசுத்தால் போதும், வகுப்பே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதப் பெற்றோர் கூட்டத்தில் என் காது இரண்டும் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன்.

காரணம் முருகவேல் சார். கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் மகள் ஆர்த்தி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். மனுஷன் எழுந்து நின்று மகள் எழுதிய இங்கிலீஷ் கட்டுரையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். யானை பிக். எங்கள் மலை பிக். எங்கள் அப்பா பிக். அம்மா குட். தோசை குட். மழை குட்.

"அம்மாவும் குட்டு, தோசையும் குட்டு. இன்னாங்க சார் இது? இதுக்கா இங்கிலீஷ் மீடியத்துல சேத்தோம்? யானைக்கும் எனக்கும் ஒரே வார்த்தையா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. முருகவேல் சார் ஆள் கொஞ்சம் கனமானவர், அதனால் சிரிப்பும் ஜாஸ்தியாகவே இருந்தது.

சிரிக்காத ஒரே ஆள் கரஸ்பாண்டன்ட் சக்கரவர்த்தி சார். பள்ளிக்கூடம் அவருடையது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீடுகள் முளைக்க ஆரம்பித்த கையோடு, தன் மனையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஐந்து அறை கட்டி, நடு முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டு, நர்சரி பிரைமரி என்று போர்டு மாட்டியவர். நெற்றி நிறைய விபூதி. நல்லவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கான்வென்ட் என்ற வார்த்தையைக் காதில் போட்டால் அவர் அப்படியே உருகிப்போவார்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வேதா, வேலூர்ல ஒரு மிஸ் கெடச்சிருக்காங்கம்மா. சின்ன வயசுலேர்ந்து கான்வென்ட்லயே படிச்சவங்க. ஜனவரியில வரேன்னு சொல்லியிருக்காங்க. மூணாங்கிளாஸ அவங்களுக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன். நீ பழையபடி எல்.கே.ஜி.க்குப் போயிடு."

எனக்குச் சுரீர் என்றது. இரண்டு வருஷம் எல்.கே.ஜி. பார்த்தவள் நான். மூக்கு துடைத்து, ஜட்டி மாட்டி, "மிஸ் இவன் கடிச்சிட்டான்" பஞ்சாயத்து பண்ணி, நடையாய் நடந்து கேட்டு இந்த ஜூனில்தான் மூன்றாம் வகுப்பை வாங்கினேன். குழந்தைகள் எதிர்த்துப் பேச ஆரம்பிக்கிற வகுப்பு அது. நான் ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று கேட்கும். எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது. அந்த வகுப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

"ஜூன்லதான் சார் குடுத்தீங்க, அதுக்குள்ள பிடுங்கறீங்களே! குடுக்கறதும் எடுக்கறதும் உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

அவர் என் காதைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"சரிம்மா, கத்தாத. டிசம்பர்ல தீபம் லீவு முடிஞ்சதும் பேரன்ட்ஸ் டே வருது. உன் பசங்க மேடையில நிக்கட்டும். யார் எந்த வார்த்தை கேட்டாலும் அதே அர்த்தத்துல வேற வார்த்தை சொல்லணும், எதிர்ப்பதம் சொல்லணும். சொல்லிட்டாங்கன்னா கிளாஸ் உன்னுது."

வாக்குக் கொடுத்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எனக்குக் கான்வென்ட் தெரியாது. நான் கீழ்பென்னாத்தூர்க்காரி, நெல்லும், வேர்க்கடலை என்று நீங்கள் சொல்கிற மல்லாட்டையும் போடுகிற குடும்பம். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு தபால் வழியில் பி.ஏ. எனக்கு இங்கிலீஷ் தானாக வந்ததில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் கழுத்தைப் பிடித்து இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதனால் இந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழியாகவே கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு பண்ணினேன்.

மறுநாள் கரும்பலகையில் பிக் என்று எழுதி, "இதுக்குப் பங்காளிங்க யாரு?" என்று கேட்டேன்.

பங்காளி என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையை ஒரு பங்காளி வீட்டுக்கு வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும். லார்ஜ், ஹ்யூஜ், கிரேட் என்று அட்டையில் எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பலகையில் ஒரு வார்த்தை வந்தால் அதன் பங்காளிகள் அத்தனை பேரையும் வகுப்பு பேர் சொல்லி அழைக்க வேண்டும். மறந்துபோன பங்காளி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். அவனைச் சமாதானப்படுத்த ஒரே வழி, அவனுக்கென்று ஒரு வாக்கியம் செய்து கொடுப்பதுதான்.

"மிஸ், ஹ்யூஜ் கோவிச்சிக்கிச்சு! கை கழுவவே வர மாட்டேங்குது!"

"மலை ஹ்யூஜ்னு சொல்லிக் கூப்பிடுங்க, வரும்."

"யானையும் வேணுமாம் மிஸ்!"

"பேராசை. மலையோட நிறுத்திக்கச் சொல்லு."

ஒரு மாசத்தில் தோசை டேஸ்டி ஆனது, மழை லவ்லி ஆனது. அம்மாவுக்கு மட்டும் என்ன போடுவது என்று பெரிய சண்டை. கைண்ட் என்றும் ஸ்வீட் என்றும் கட்சி பிரிந்து, கடைசியில் ஆர்த்தி, "எங்க அம்மா காலைல ஆங்ரி, சாய்ந்தரம் கைண்ட்" என்று எழுதிக் கொடுத்தாள். உண்மையை எழுதினவளுக்குப் போனஸாக ஒரு ஸ்டார் போட்டேன்.

அக்டோபரில் அன் என்ற முன்னொட்டுக்கு வந்தோம். இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஹேப்பிக்கு முன்னால் அன் வந்து நின்றால் அர்த்தம் அப்படியே திரும்பிக்கொள்ளும், இல்லையா? அதைக் காலால் நடந்து காட்டினால் ஜென்மத்துக்கும் மறக்காது என்று தோன்றியது. வகுப்பைக் கொடிக்கம்பத்தடிக்கு அழைத்துப்போனேன். எல்லோரும் ஹேப்பி என்று சொல்லிக்கொண்டே கம்பத்தைச் சுற்ற வேண்டும். நான் விசில் ஊதியதும் அன் அட்டை வைத்திருக்கும் இனியா முன்னால் வந்து நிற்பாள். உடனே எல்லோரும் அன்ஹேப்பி என்று திரும்பி, வந்த வழியே எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

விசில் ஊதினேன். இனியா வந்து நின்றாள். ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை.

"திரும்புங்கடா! காது கேக்கலையா?"

"வேணாம் மிஸ்," என்றான் வளவன். வகுப்பிலேயே வாயாடி அவன்தான். "அப்பிடிச் சுத்தக் கூடாது மிஸ். பாவம்."

"இது கொடிக்கம்பம்டா, கோயில் இல்ல!"

"குங்குமம் வெச்சிருக்கு மிஸ்."

வைத்திருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தது சாட்சாத் நானேதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையை வலம் வருகிற இடம் இது. பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாள் முதலாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சுற்றியவர்கள். நானும் சுற்றுகிறவள்தான். அப்படியும் எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள், கோபம்தான் முந்திக்கொண்டது. காது ஜிவ்வென்று ஏற, ஒரு அதட்டல் போட்டேன். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் சுற்றினார்கள். அன்ஹேப்பி என்றால் என்ன என்று அன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று ராத்திரியே ஆர்த்திக்கு ஜுரம் வந்துவிட்டது. போதாதா?

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். முன்னால் நின்றது வளவனின் அம்மா ராணியம்மாள். வேங்கிக்கால் ஆபீசர் வீடுகளுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர். பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா டீச்சரு, சாவு வூட்டுலதான் அந்தச் சுத்து சுத்துவாங்க. எம்புள்ளய அந்தச் சுத்து சுத்த வெச்சிருக்கியே, உனக்கு இன்னா நெஞ்சழுத்தம்! நீயும் இந்த மண்ணுலதான பொறந்த?"

"பாடம்மா அது. சும்மா ஒரு வெளையாட்டு..."

"சாமிகிட்ட இன்னா வெளையாட்டு? குங்குமம் வெச்சது யாரு, நானா?"

பக்கத்தில் முருகவேல் சார். "நான் இதெல்லாம் நம்பற ஆள் இல்ல மிஸ்," என்று ஆரம்பித்தார். "ஆனா ஜுரம் வந்துடுச்சே!"

சக்கரவர்த்தி சார் ஓடிவந்து எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். கம்பத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே உன் கிளாஸ் கொடிக்கம்பத்துப் பக்கமே வரக் கூடாது" என்றார். வேலூர் மிஸ் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

ஆர்த்திக்கு மழையில் நனைந்த ஜுரம். நாலு நாளில் எழுந்து வந்துவிட்டாள். ஆனால் வகுப்பில் அன் என்றாலே பிள்ளைகள் பயந்தார்கள். நானும் சாக்பீஸைத் தேய்த்துத் தேய்த்து எழுதிப்போட்டேன், ஒன்றும் ஏறவில்லை. இனியா ஒருநாள் பாதிப் பாடத்தில் எழுந்து நின்றாள். அவள் அப்பா ஆதிமூலம், நான் தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர். அவர்கள் வீடு வேங்கிக்காலிலேயே இருந்தது.

"மிஸ், எங்க அப்பா பஸ்ஸு தெனமும் அங்க போய்ட்டுத் திரும்பி வருதே. அதுக்குப் பாவம் இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் வளவன் பாய்ந்தான். "பஸ்ஸு இன்னா சாமியவா சுத்துது? ரோட்ல போவுது, அதே ரோட்ல வருது. அதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப நாமளும் பஸ்ஸாயிடலாம் மிஸ்! போர்டத் திருப்பினா திரும்பி வந்துடலாம்!"

அந்தப் பெண்ணைத் தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போல இருந்தது. அந்தப் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு தகரப் பலகை உண்டு. ஒரு பக்கம் திருவண்ணாமலை, மறுபக்கம் கீழ்பென்னாத்தூர். கடைசி ஸ்டாப்பில் ஆதிமூலம் அதை எடுத்துத் திருப்பி வைப்பார், அவ்வளவுதான், போன பஸ் வருகிற பஸ் ஆகிவிடும். அன்று சாயங்காலமே பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.

"பழைய போர்டு ஒண்ணு ஷெட்ல கெடக்குது, எடுத்தாறேன்," என்றார். "ஆனா மிஸ், எம்பொண்ணு வூட்ல டிபன் பாக்ஸத் தொறக்கச் சொன்னா அன்லாக் பண்றேங்கறா. எல்லாம் உங்க வேலைதானா?"

"நல்லதுதான? சந்தோஷப்படுங்க."

"சந்தோஷந்தான். எங்க வூட்டம்மாதான் அவளுக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு பாக்கறா."

பலகை வந்தது. இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டினோம், ஒரு பக்கம் ஹேப்பி, மறுபக்கம் அன்ஹேப்பி. கேட்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை பஸ் ரூட். கொடிக்கம்பத்தைச் சுற்றுகிற பேச்சே இல்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். குழாயடியில் அன் ஏறிக்கொள்ளும். கண்டக்டர் இனியா பலகையைத் திருப்பி, "போலாம் ரைட்!" என்று கத்துவாள். உடனே மொத்தப் பஸ்ஸும் ஒப்பாரி வைத்துக்கொண்டு திரும்பி வரும். எதிர்த்த வீட்டுக்காரர் முதல் நாள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தார்.

தினம் ஒரு வார்த்தை பலகையில் ஏறியது. லாக் போனால் அன்லாக் வரும். டை போனால் அன்டை வரும், பெண்பிள்ளைகள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே வருவார்கள். அன் ஏறவே முடியாத வார்த்தைகளும் இருந்தன. அன்பிக் என்று ஒருவன் ஏறப் பார்த்தால், "அந்த ஊருக்கு இந்தப் பஸ்ஸு போவாது, எறங்கு எறங்கு!" என்று இனியா தள்ளிவிடுவாள். ரீ என்ற முன்னொட்டு பெரிய வம்பு. ரீ ஏறிவிட்டால் போன இடத்துக்கே மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். ரீஃபில் என்று தண்ணீர்க் குழாய்க்கே போய்க்கொண்டிருந்தார்கள், முற்றம் முழுக்கச் சேறு.

அன்டூ வந்த நாளில் வளவன் யோசனையில் ஆழ்ந்துவிட்டான்.

"டூன்னா செய்யறது. அன்டூன்னா செய்யாம இருக்கறதா மிஸ்?"

"இல்லடா. செஞ்சத இல்லாம ஆக்கறது."

"ஹோம்வொர்க்க அன்டூ பண்ணிடுங்க மிஸ்."

"ஒத வாங்குவ."

"அப்ப அன்னிக்குக் கம்பத்த தப்பாச் சுத்தினோமே, அத அன்டூ பண்ணலாமா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இத்தனை நாளும் அதை மனசில் போட்டு வைத்திருக்கிறான். எனக்கு ஐயோ என்றிருந்தது.

"பண்ணலாம்டா. நேரா சுத்திட்டா சரியாப் போயிடும்," என்றேன்.

சார் போட்ட தடையை நான் மறந்தே போனேன். இன்டர்வலில் பார்த்தால் மூன்றாம் வகுப்பு முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கொடிக்கம்பத்தை முறைப்படி வலம் வருகிறது. வாயில், "அன்டூ, அன்டூ, அன்டூ." நல்லவேளை, சக்கரவர்த்தி சார் அந்த நேரம் வெளியே போயிருந்தார்.

டிசம்பரில் தீபம் வந்தது, லீவு வந்தது, பேரன்ட்ஸ் டேயும் வந்தது. முற்றத்தில் ஷாமியானா போட்டு, கொடிக்கம்பத்தைப் பின்னால் வைத்து மேடை போட்டிருந்தார்கள். சேலை முந்தானையை முறுக்கி முறுக்கிக் கசக்கியே விட்டேன். பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள்.

முதல் கேள்வி முருகவேல் சார். வஞ்சம் வைத்த மாதிரி, "பிக்!" என்றார்.

ஆர்த்திதான் முன்னால் வந்தாள். "மலை ஹ்யூஜ். யானை என்னார்மஸ்." கொஞ்சம் யோசித்தாள். "எங்க அப்பா லார்ஜ்."

ஷாமியானா கிழிகிற சிரிப்பு. இந்தத் தடவை முருகவேல் சாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். பேக் என்றால் அன்பேக், ஃபேர் என்றால் அன்ஃபேர், லாக் என்றால் அன்லாக். ராணியம்மாளுக்கு இங்கிலீஷ் வராது. அதற்காகச் சும்மா இருப்பாரா? எழுந்து நின்று, "கோவம்! அதுக்குச் சொல்லுங்க பாப்பம்!" என்றார்.

"ஆங்ரி, கிராஸ், மேட், ஃபியூரியஸ்!" மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. சொல்லும்போது அத்தனை பேரும் என் காதையே பார்த்தார்கள்.

கை தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எனக்குக் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. அப்பாடா, வகுப்பு என்னுடையது!

சக்கரவர்த்தி சார் மைக்கைப் பிடித்தார். பிள்ளைகளைப் பாராட்டினார், பெற்றோரைப் பாராட்டினார். தொண்டையைச் செருமினார். "அடுத்த சந்தோஷமான செய்தி. வர்ற ஜனவரியிலேர்ந்து நம்ம மூணாங்கிளாஸ, வேலூர் கான்வென்ட்ல படிச்ச புது மிஸ் எடுத்துக்கப் போறாங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு, போகும்போது ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கணும்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் ஆச்சரியம். சார் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. நோட்டீஸே அடித்தாயிற்று, எனக்குக் கொடுத்த வாக்கு எங்கே நிற்கும்?

மேடையில் வளவன் இனியாவின் காதில் ஏதோ சொன்னான். இனியா ஆர்த்தியிடம் சொன்னாள். வரிசை முழுக்க அது ஓடியது. பிறகு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, பின்னால் இருந்த கொடிக்கம்பத்தடிக்குப் போனார்கள். பாட்டு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் மறுபடி கை தட்டியது.

அவர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கமாக.

"அன்டூ சார்! அன்டூ சார்! அன்டூ சார்!"

கை தட்டல் சட்டென்று நின்றது. நான் அதட்டி, அழவைத்து, ஒரு தடவை சுற்றவைத்த அதே எதிர்ச்சுற்று. இப்போது யாரும் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, வேகவேகமாகச் சுற்றினார்கள். மார்கழி மாசம், மலைக்கு எதிரில், ஊர் கூடியிருக்கிற நாளில்!

"ஐயய்யோ! டேய் வளவா! நில்லுடா!" ராணியம்மாள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"மாட்டேன்! சார் சொன்னத அன்டூ பண்ணணும். அது வரிக்கும் நிக்க மாட்டோம்!"

"இன்னாத்த பண்ணணும்?"

"வேதா மிஸ்ஸையே போடணும்!"

ராணியம்மாள் அப்படியே மேடைப் பக்கம் திரும்பினார். கேட்டில் என்னைக் கேட்டாரே, அதைவிடப் பெரிய குரல்.

"இன்னா சார் பாத்துக்னு நிக்கறீங்க! புள்ளைங்க பாவத்தச் சேத்துக்கினு கீதுங்க, உங்களுக்கு நோட்டீஸா பெருசு? எம்புள்ளைக்கு அந்த டீச்சரே போதும். மாத்திச் சொல்லுங்க சார், மொதல்ல மாத்திச் சொல்லுங்க!"

"ஆமா சார், மாத்துங்க," என்று முருகவேல் சாரும் எழுந்தார். "நான் நம்பற ஆள் இல்ல. ஆனா எதுக்கு வம்பு?"

சக்கரவர்த்தி சாருக்கு விபூதிக்குக் கீழே வியர்த்துக் கொட்டியது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்கப்பா, நிறுத்துங்க! வேதா மிஸ்ஸே எடுப்பாங்க! வேலூர் மிஸ் அஞ்சாங்கிளாஸ் எடுக்கட்டும்! அன்டூ! அன்டூ! போதுமா?"

பஸ் நின்றது. மூச்சிரைக்க நின்றார்கள். ராணியம்மாள் மகனின் காதைப் பிடித்துத் திருகினார்.

"பாவம்னு தெரியும்ல? தெரிஞ்சே ஏண்டா சுத்தின?"

"தெரியும்மா. அதனாலதான் எல்லாரும் சேந்து சுத்தினோம்," என்றான் வளவன், காதை விடுவித்துக்கொண்டே. "நாங்கல்லாம் பங்காளிங்க. பாவத்தப் பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சந்தான வரும்."

ராணியம்மாள் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. நான் தூணோரமாக நின்று அழுதேன். முந்தானையால் எவ்வளவு துடைத்தாலும் நிற்கவில்லை. இந்தப் பிள்ளைகளை அன்றைக்கு அந்தக் கம்பத்தடியில் எப்படி அதட்டினேன், இவர்கள் எனக்காக எதைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்!

"டீச்சரு! அங்க நின்னு அழுதா ஆச்சா?" ராணியம்மாள்தான் கத்தினார். "உன்னாலதான இவ்ளோம்? இங்க வா. நேரா சுத்தி இதச் சரி பண்ணு. உன் பங்கும் இருக்குதுல்ல!"

பிள்ளைகள் ஏற்கெனவே சரியான பக்கம் திரும்பி வரிசை கட்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கடைசியில் நின்று ஆர்த்தியின் பின்னலைப் பிடித்துக்கொண்டேன். என் பின்னால் ராணியம்மாள் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முருகவேல் சார், ஆதிமூலம், இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் கடைசியில், செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரவர்த்தி சார்.

"மிஸ் காதப் பாருடா," என்று முன்னால் யாரோ ஒருவன் கிசுகிசுத்தான்.

"கோவம் இல்லடா அது," என்றாள் ஆர்த்தி. "ஹேப்பி."

வரிசையின் தலைப்பில் இனியா கையைத் தூக்கினாள்.

"போலாம் ரைட்!"